அண்ணி அலசிக் கொடுத்த தகடுகள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பல் மருத்துவமனைக் காத்திருப்பு அறையில், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி சொன்னது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘கரிமச் சேர்மங்களால் ஆன டிரான்சிஸ்டர்களில் மின்னோட்டமானது…’ (அடித்துவிட்டேன். யார் படிப்பார்கள்?)

2

அவளும் அவள் அண்ணியும் ஒரே கூடத்தில் வேலை பார்த்தார்கள். பளபளக்கும் சிலிக்கான் தகட்டை ஒரு திரவத்தில் ஊறவைத்து அலசித் தருவது அண்ணியின் வேலை. தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டோடும். அதன்மேல் இவள் கரிமப் பொருளைப் படியவைத்து டிரான்சிஸ்டர் செய்வாள். அடித்தளம் சீராக இருந்தால் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும், மின்னோட்டம் தங்குதடையின்றிப் பாயும். இல்லாவிட்டால் அங்கங்கே சிக்கி நிற்கும்.

(இங்கே குடும்பத்தை இழுத்து ஓர் உவமை எழுதக் கை பரபரத்தது. வேண்டாம். தகடு தகடாகவே இருக்கட்டும்.)

3

அண்ணனும் அண்ணியும் பிரிந்தார்கள். யார்மேல் தப்பு என்று இவள் கேட்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் அல்லவா, அண்ணன் பக்கம் சாய்ந்தாள். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டே அண்ணியோடு பேச்சை நிறுத்தினாள். தகடுகள் மட்டும் வழக்கம்போல் வந்தன, துளிக் கறையில்லாமல். பிறகு அண்ணி வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டாள். (‘அன்று இவள் அழுதாள்’ என்று எழுதியிருந்தேன். அழவில்லையாம். நிம்மதியாக இருந்ததாம்.)

4

தகடுகளை இவளே தயாரிக்க வேண்டியதாயிற்று. ஒன்றும் உருப்படவில்லை. மின்னோட்டம் நொண்டியது. ஆய்வுக்கூடத் தலைவர் முகம் சுளித்தார். வேறு வழியின்றி அண்ணியைப் போனில் கூப்பிட்டாள்.

“வணக்கம் மேடம்.”

“மேடமா… சரி, சொல்லுங்க.”

“படலம் திட்டுத்திட்டா வருது.”

“மழை நாள்ல அந்தத் திரவத்தோட பாட்டிலைத் திறந்தீங்களா?”

“ஆமா.”

“ஈரம் பட்டா அது கட்டி தட்டிடும். அந்தக் கட்டிதான் தகட்டுல ஒட்டிக்குது. காத்து வறண்ட பெட்டிக்குள்ள வச்சுத் திறங்க. ஊறினதும் புதுக் கரைப்பான்ல நிதானமா அலசணும்.” பிறகு குரல் தணிந்தது. “கையுறை போட்டுக்கோ. உனக்குச் சட்டுனு தோல் வெந்துபோகும்.”

“தேங்க்ஸ் மேடம்” என்று சொல்லிப் போனை வைத்தாள் இவள்.

(இந்த இடத்தில் ‘அண்ணி’ என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். கதை அழகாகிவிட்டது. ஆனால் அவள் சொன்னது ‘மேடம்’தான்.)

5

டிரான்சிஸ்டர்கள் அருமையாக வேலை செய்தன. எல்லோரும் கை குலுக்கினார்கள். யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள் என்பதை இவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

முடிவுக்கு இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் இவள் அந்த ஊருக்கே போய்க் கதவைத் தட்டுகிறாள். மற்றதில் அண்ணியே ஒருநாள் கூப்பிட்டு… இரண்டும் பொய்.

“அப்புறம் பேசினீங்களா?” என்று கேட்டேன்.

“எந்த முகத்தை வச்சுக்கிட்டு?” என்றாள். நர்ஸ் அழைத்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. உங்களுக்கும் இப்படிக் கூப்பிட வேண்டிய ஒருவர் இருந்தால், நடந்ததை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.