முதல் பந்தி

என் பெரியம்மா அல்போன்சம்மா மட்டக்களப்பில் இருந்தவரை சூசையப்பர் திருநாளில் மூன்று ஏழைகளுக்கு விருந்து வைத்தவர். ஒரு முதியவர், ஒரு தாய், ஒரு குழந்தை. திருக்குடும்பத்தின் பேரில் அவர்கள்தான் முதல் பந்தி. அவர்கள் உண்டு எழும்பும்வரை வேறு எவரும் ஒரு பருக்கைகூடத் தொடக்கூடாது. கனடாவுக்கு வந்தபின், மொன்றியலில் பெரியப்பாவின் இருதயச் சிகிச்சை நல்லபடி முடிந்ததும், அந்த நேர்த்திக்கடனை இந்த நகரத்துப் புனிதை மார்கரெத் தியூவிலின் திருநாளுக்கு மாற்றிக்கொண்டார். ஏறக்குறைய முந்நூறு வருடங்களுக்கு முன் இங்கே வாழ்ந்த கைம்பெண் அவர். வீடில்லாதவர்களைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டார். அதற்காகத் தெருவில் அவர்மீது கல்லெறிந்தவர்களும் உண்டு. மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பில் நான் பேச எடுத்த தலைப்பும் அவர்தான்.

இங்கே ஏழைகள் இல்லாமல் இல்லை. ஆனால் தன்னை ஏழை என்று சொல்லிக்கொண்டு வரத் தமிழர் எவரும் தயாரில்லை. யோசெப் ஐயா மட்டும் வருடாவருடம் சூசையப்பராக வந்து குந்துவார். தாயும் பிள்ளையுமாக உறவினர் யாரையாவது இருத்திச் சமாளிப்பார்கள். இந்த வருடம் நான்தான் வகுப்புத் தோழி குணேஸ்வரியைப் பற்றிப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவளும் மகள் நிருஷாவும் லொங்குய் புறநகரில் யாரோ வீட்டு வரவேற்பறையில் படுக்கிறார்கள். மாத முடிவில் அதையும் விடவேண்டும். ஆனால் அவளிடம், "சாப்பிட வாங்கோ" என்று மட்டுமே சொன்னேன். நல்லது செய்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது நிச்சயமில்லை.

வெளிப்படிக்கட்டில் ஏறும்போது, வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் குணேஸ்வரி நின்றுவிட்டாள்.

"சிவானந்தம் அண்ணையும் வந்திருக்கிறாரோ?"

"ஓம், பெரியப்பாவின்ர கூட்டாளி."

"வில்லரேயில பேஸ்மென்ட் அறை தாறன் எண்டவர் அவர்தான். நான் வேலை செய்யிறன், இப்ப தங்கச்சியோட இருக்கிறன் எண்டெல்லாம் சொல்லி வைச்சிருக்கிறன். நல்லகாலம், சந்தோசமாக் கதைச்சு முடிச்சிடலாம்."

முதல் பந்தியில் இருந்தால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். நேரே குசினிக்கு ஓடினேன்.

"பெரியம்மா, குணேஸ்வரியை முதல் பந்தியில இருத்தாதீங்க."

"ஏன் கா? அவவுக்கென்ன, வயிறில்லையா?"

"சிவானந்தம் மாமா வீடு குடுக்கமாட்டார். நான் இருக்கிறன் அந்தக் கதிரையில."

"நீயா ஏழை? போன கிழமை வாங்கின ஐபோனோட?" பெரியம்மா செம்பில் தண்ணீர் நிரப்பினார். "நேர்த்தியில பொய் சேராது மகள். தள்ளு, சோறு ஆறுது."

நான் திரும்பிப் போனபோது எல்லாம் கைமீறிவிட்டது. வெள்ளைத் துணி விரித்த மேசையில் பொரித்த மீனைக் கண்ட நிருஷா தானாகவே யோசெப் ஐயாவுக்குப் பக்கத்தில் ஏறி இருந்துவிட்டாள்.

"வாங்கோ மாதாவே, உங்களத்தான் காணேல்ல," என்று குணேஸ்வரியைப் பார்த்து யோசெப் ஐயா சிரித்தார். "ஏழை வேசம் லேசில்லைப் பிள்ளை. மூண்டுதரம் சோறு போடுவினம். நாங்கள் எழும்பும்வரைக்கும் வேற ஒருதரும் சாப்பிடக்கூடாது."

குணேஸ்வரி மேசையைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற இருபது பேரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் போய் மகளுக்கருகில் அமர்ந்தாள். பெரியம்மா மூவரின் கைகளிலும் தண்ணீர் ஊற்றினார்.

"தங்கச்சி," சிவானந்தம் மாமா தொண்டையைச் செருமினார். "நீங்கள் உங்கட தங்கச்சி வீட்டிலயெல்லோ இருக்கிறியள்?"

"இல்லை அண்ணை. எனக்கு இஞ்ச தங்கச்சியும் இல்லை, வீடும் இல்லை. வேலை கிழமையில ரெண்டு நாள்."

"அப்ப... அந்த அறை விசயம் பேந்து கதைப்பம்."

'பேந்து', அதாவது பிறகு, என்றால் இல்லை என்றுதான் அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா சோறு போட்டார், கத்தரிக்காய்ப் பால்கறி ஊற்றினார். யோசெப் ஐயா குழைக்கத் தொடங்கினார். நிருஷா மீனைக் கடித்தாள். குணேஸ்வரி கையை மடியில் வைத்தபடியே இருந்தாள்.

"சாப்பிடுங்க மகள்," என்றார் பெரியம்மா.

"நான் எழும்பும்வரைக்கும் ஒருதரும் சாப்பிடக்கூடாதாம். உண்மையோ அக்கா?"

"ஓம்."

"அப்ப அண்ணை இப்பவே சொல்லட்டும். தருவாரோ, மாட்டாரோ."

பெரியப்பா மருந்து போட்டுவிட்டு நின்றார். அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். ஒரு குழந்தை சிணுங்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள். பெரியம்மா குணேஸ்வரியை அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கரண்டியோடு சிவானந்தம் மாமாவின் பக்கம் திரும்பி நின்றார்.

"என்னை ஏன் எல்லாரும் பாக்கிறியள்?" என்றார் அவர்.

"பசி அண்ணை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "சரி. தாறன். சாப்பிடுங்கோ."

"எப்ப?"

"ஒண்டாந்திகதி."

"எல்லாரும் கேட்டியள்தானே," என்றாள் குணேஸ்வரி. முதல் கவளத்தை எடுத்தாள். ஆறுதலாக மென்றாள். தட்டு வெறுமையானதும் பெரியம்மாவைப் பார்த்து, "அக்கா, இன்னுங் கொஞ்சம் சோறு," என்றாள்.