துருக்கறைக்கு ஒரு காய்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் அவளில்லை. சலவைக்கடை நடத்துகிறவளுக்கு வெள்ளையின் சூது தெரியும். துருக்கறை எடுக்க அவள் வீட்டில் வாங்கி வைக்கும் ஆக்சாலிக் அமிலப் பவுடர் பார்க்க அசல் தூளுப்பு; டப்பாவின் மேல் மட்டும் மண்டையோடு. அதே வீட்டில்தான் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு டயாலிசிஸில் காலம் தள்ளுகிற கணவர், பழைய லாரி டிரைவர். உப்பு கூடாது, தண்ணீரும் அளந்துதான். ஒருநாள் அவர் அடுப்படியில் திருட்டுத்தனமாக உப்பைத் துழாவிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். உப்பென்று இந்தப் பவுடரை வாயில் போட்டுவிட்டால்? பவுடரை அன்றே தூக்கி எறிந்தாள்.

பக்கத்துத் தெரு இஸ்திரிக்காரர் மாற்று வழி சொன்னார். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போலிருக்குமே, அந்தப் புளிப்புக் காய், ஸ்டார் ஃப்ரூட். "துருவை அப்படியே தூக்கிடும்மா. திங்கற பொருள்தானே, பயமே இல்லை."

ஒரு பை வாங்கி வந்து ஓட்டல் மேஜைவிரிப்புகளில் தேய்த்தாள். கறை போய்விட்டது. மிச்சத்தைப் பாத்திரத்தில் போட்டு வைத்தாள்.

"நாக்கு வறண்டு கெடக்கு. ஒண்ணு தின்னட்டுமா?" என்றார் டிரைவர்.

வாழைப்பழமும் ஆரஞ்சும் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இந்தக் காயைப் பற்றி யாரும் மூச்சு விட்டதில்லை. "காய்தானே, தின்னுங்க" என்றாள். ஒன்றோடா விட்டார்? பாத்திரத்தையே காலி செய்தார். மாதக்கணக்கில் வாய் நனையத் தண்ணீர் குடிக்காத மனிதர், சாறு தாடையில் வழிய வழியச் சப்பினார். அவளுக்குப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பாவம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் விக்கல் பிடித்தது. மறுநாள் காலையிலும் விடவில்லை.

"யாரோ உங்களை விடாம நினைக்கறாங்க" என்று சீண்டினாள்.

"என்னை யாரு நினைக்கப் போறா? போலீஸ்காரன்கூட மறந்துட்டான்." சிரித்தவர் சட்டென்று அடங்கினார். "ஒருவேளை அவளா இருக்குமோ?"

அவள் என்றால் மகள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதற்காக, இந்த வாசப்படி மிதிக்காதே என்று இவரே துரத்தினார். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. தாய் ஒருமுறை போன் செய்தபோது மகள் பட்டென்று வைத்துவிட்டாள். இன்னொரு தடவை அந்த அவமானம் வேண்டாமென்று, இப்போது எண்ணையே அழுத்தாமல் கொல்லைப்புறம் போய் வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நாலு வார்த்தை பேசினாள். திரும்பி வந்து சொன்னாள்: "ஆமாங்க. நேத்திலிருந்து உங்க நெனப்பாவே இருக்காளாம்."

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு விக்கலும் கடிதாசு வந்த மாதிரி. "பாரு, மறுபடியும் நினைக்கறா."

மத்தியானத்தில் அவர் மூச்சுக்குத் திணறவும் அவளுக்குப் பயம் பிடித்தது. "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க."

"விக்கலுக்கா? நாளைக்கு எப்படியும் மிஷினுக்குப் போறோம். அதுவரைக்கும் நினைச்சுட்டுப் போறா, விடு."

அப்போதாவது பொய்யை உடைத்திருக்கலாம். வாய் வரவில்லை. இதைப் பாசம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு வேறு வார்த்தை வருகிறது.

சாயங்காலம் அவருக்கு நாக்குக் குழறியது. மனைவியை மகளின் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு வலிப்பு வந்தது.

அவர் என்ன சாப்பிட்டார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். பவுடரை எறிந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீங்க தூக்கிப் போட்டீங்களே, அந்தப் பவுடர்ல இருக்கற அதே அமிலம் இந்தக் காய்ல நிறைய இருக்கும்மா. மூளையைத் தாக்கற இன்னொரு விஷமும் இருக்கு. கிட்னி நல்லா இருந்தா வெளியே தள்ளிடும், இவரால முடியாது. விக்கல்தான் முதல் அறிகுறி. அப்பவே வந்திருந்தா மிஷின்ல போட்டுக் காப்பாத்தியிருக்கலாம்."

மிஷினில் போட்டும் அவர் கண் திறக்கவில்லை. விடிவதற்குள் போய்விட்டார்.

இப்போது நிஜமாகவே எண்ணை அழுத்தினாள். மகள் உடனே எடுத்தாள், ஓடி வந்தாள், தாயின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அப்பா கடைசியா என்னம்மா சொன்னாரு?"

"நீ அவரை நினைச்சுக்கிட்டே இருக்கேன்னு."

"நானா? நினைக்கவே கூடாதுன்னு வைராக்கியமா இருந்தேனேம்மா! அவர்கிட்ட யாரு அப்படிச் சொன்னா?"

"நான்தான்டி சொன்னேன். அதை நம்பித்தான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுட்டாரு."

மகள் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.