மேலே இழுத்த வார்

பாளையங்கோட்டையில் தேவதாசன் மேஸ்திரியின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவையும் இருக்கவில்லை. நெல்லைச் சீமையில் எந்த இயந்திரம் சூடேறி நின்றாலும் ஆள் அங்கேதான் வந்து சேரும்.

சுழலும் இரும்புத் தண்டைத் தாங்கி, தான் தேய்ந்து தண்டைத் தேயவிடாமல் காக்கிற உலோகக் கூடு ஒன்று உண்டு. புஷ் என்பார்கள். இங்கிலாந்துச் சீமையிலிருந்து இயந்திரத்தோடு வந்த புஷ் தேய்ந்துபோனால் புதிது கப்பலில் வர நாலு மாதம் ஆகும். தேவதாசன் பத்து நாளில் வார்த்து, கடைந்து, கையில் கொடுத்துவிடுவார். தண்டில் செந்தூரம் பூசி, புஷ்ஷுக்குள் வைத்துச் சுற்றி, எங்கெல்லாம் சிவப்பு ஒட்டுகிறதோ அங்கெல்லாம் சுரண்டியால் வழித்து வழித்து, இரண்டும் சரியாகப் பொருந்தும்வரை விடமாட்டார்.

எல்லா இயந்திரத்துக்கும் ஒரே மாதிரிப் புஷ் ஆகாது என்பதில் பிடிவாதக்காரர். கரும்பு ஆலையின் உருளை மெல்லத்தான் சுற்றும், ஆனால் பாரம் மிகுதி. அதற்குக் கடினமான வெண்கலம் வேண்டும். மாவு அரைக்கிற இயந்திரம் வேகமாகச் சுற்றும். அதற்கு உட்புறம் மெதுவான ஈயக் கலவை ஊற்ற வேண்டும். ஆற்றில் தண்ணீர் இறைக்கிற பம்பு மணலையும் சேர்த்து இழுக்கும். அதன் பாடு வேறு. அளவை மட்டும் எழுதியனுப்பிவிட்டு வேலையைக் கேட்பவர்களிடம், "காலைக் காட்டாம செருப்புத் தைக்கச் சொல்லுதீரா வே?" என்று கேட்பார். ரயிலேறிப் போவார். இயந்திரம் ஓடுகையில் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் உலையைப் பற்றவைப்பார்.

ஒரே ஒரு முறை போகவில்லை.

அது 1911, பங்குனி மாதம். அம்பாசமுத்திரத்தில் நாறும்பூநாத பிள்ளை என்று ஒருவர் பழைய தானியக் கிடங்கு ஒன்றில் அரிசி மில் வைத்திருந்தார். பெரிய நிலக்காரக் குடும்பத்தில் கடைசி மகன். வயலை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு எண்ணெய் எஞ்சினில் இறங்கியவர். அவரிடமிருந்து ஒரு கடிதமும், தண்டின் கனத்துக்குச் செதுக்கிய மரக்கட்டை ஒன்றும் வந்தன. பிசானப் பருவத்து நெல் மலையாகக் குவிந்து கிடக்கிறது, ஒரு நாளும் தாமதம் கூடாது என்று எழுதியிருந்தார்.

அந்த வாரம் கிறிஸ்தவக் கோயிலில் அசனப் பண்டிகை. ஊர் முழுக்கச் சாப்பிடுகிற அந்த விருந்தின் அண்டாப் பொறுப்பு அவ்வருஷம் தேவதாசனுடையது. மேலும், அரிசி மில்தானே, ஏழெட்டு மில்லுக்குச் செய்தாயிற்று என்ற எண்ணம். அந்த மில்களில் எல்லாம் தண்டு கூரையை ஒட்டி உயரத்தில் ஓடும். தரையில் இருக்கிற இயந்திரங்கள் தோல் வாரால் தண்டைக் கீழ்நோக்கி இழுக்கும். ஆகவே பாரம் முழுவதும் புஷ்ஷின் கீழ்ப் பாதியில் விழும். மேல் பாதி சும்மா இருக்கும். எண்ணெய் இறங்கும் துளையையும் அது பரவுகிற வாய்க்காலையும் மேல் பாதியில்தான் வெட்டுவார். இதற்கும் அப்படியே வெட்டினார். சாக்கில் பொதிந்து ரயிலில் அனுப்பிவிட்டு அண்டா பார்க்கப் போனார்.

பன்னிரண்டாம் நாள் ஆள் வந்தது. மில்லில் தீ.

தேவதாசன் அடுத்த ரயிலில் போனார். கிடங்கின் மேற்கு மூலை கரிந்து, ஓடுகள் சரிந்து கிடந்தன. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தார். கூரையடியில் தண்டு இல்லை.

"எங்க அண்ணாச்சி தண்டு?"

"மேல எங்க வே மாட்ட? கூரை தணிவால்லா இருக்கு. தரையைத் தோண்டிக் குழிக்குள்ள ஓட விட்டிருக்கேன்" என்றார் பிள்ளை.

தேவதாசனுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இருந்தாலும் குழிக்குள் இறங்கினார். தண்டு கீழே, இயந்திரங்கள் மேலே. வார்கள் எல்லாம் தண்டை மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தன. தண்டு புஷ்ஷின் மேல் பாதியில் போய் அழுந்தி, அவர் வெட்டிய எண்ணெய்த் துளையைத் தானே அடைத்துவிட்டிருந்தது. திருகுகளைக் கழற்றினார். மேல் பாதி கருகிப் பிய்ந்து போயிருந்தது. கீழ்ப் பாதியில் அவருடைய சுரண்டித் தடம்கூட அழியவில்லை. குழியின் தரை எண்ணெயும் தவிடுமாகக் களிபோல் மிதிபட்டது. யாரோ ஊற்றியிருக்கிறார்கள், நிறையவே ஊற்றியிருக்கிறார்கள்.

ஊற்றியவன் குழியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். பெயர் பரமசிவன். முப்பது வயதிருக்கும். இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுவது அவன் வேலை. வலது கையில் முழங்கைவரை வாழையிலை சுற்றிக் கட்டியிருந்தது. தவிட்டில் தீப்பற்றியதும் குழிக்குள் குதித்து வாரைத் தள்ளிவிட்டவன் அவன்தான். இல்லையென்றால் கிடங்கே மிஞ்சியிருக்காது.

"மூணாம் நாளே சொன்னேன் எசமான்" என்றான் அவன், பிள்ளையைப் பார்த்து. "புது புஷ் எண்ணெய் குடிக்க மாட்டேங்குது, ஊத்த ஊத்த வெளிய வழியுதுன்னு சொன்னேன்லா."

"வாயை மூடுலே. எண்ணெயைப் போடாம எங்கனயாவது போயி உறங்கிட்டு, இப்பக் கதை சொல்லுதான்." பிள்ளை குழிக்குள் குனிந்தார். "நீரு சொல்லும் வே மேஸ்திரி. எண்ணெய் இல்லாமத்தானே எரிஞ்சிருக்கு?"

தேவதாசன் கையில் கருகிய மேல் பாதி இருந்தது. அது இன்னும் சூடாக இருப்பதுபோல அவருக்குப் பட்டது. மேலே மில் ஆட்கள் பத்துப் பேர், அக்கம்பக்கத்து வியாபாரிகள் நாலைந்து பேர் கூடி நின்றார்கள்.

"ஆமா அண்ணாச்சி" என்றார். "எண்ணெய் உள்ள போகலை."

அது பொய் இல்லை. அதற்கு அடுத்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. பிள்ளை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, "கேட்டீயளா?" என்றார். பரமசிவன் தேவதாசன் கையிலிருந்த மேல் பாதியைப் பார்த்தான்; பிறகு புதுக் கருக்கு அழியாமல் குழிக்குள் கிடந்த கீழ்ப் பாதியைப் பார்த்தான்; பிறகு அவரைப் பார்த்தான். அவ்வளவுதான். கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

எட்டு நாளில் புதுப் புஷ் தயாராயிற்று. இம்முறை வாய்க்காலைக் கீழ்ப் பாதியில் வெட்டி, பக்கவாட்டில் சிறு குழாய் வைத்து எண்ணெய் இறங்க வழி செய்தார் தேவதாசன். தாமே போய்ப் பொருத்தி, ஒரு பகல் முழுக்கக் குழிக்குள் உட்கார்ந்து பார்த்தார். தண்டு கையைச் சுடவில்லை. "சீமைக்காரன் தோத்தான் வே உம்மகிட்ட" என்று பிள்ளை முதுகில் தட்டினார். பரமசிவன் இடத்தில் வேறொருவன் எண்ணெய்ச் சட்டியை வைத்திருந்தான்.

வீட்டில் மனைவி பாக்கியவதியிடம் ஒருநாள் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு வார்த்தைதானே. நாளைக்கே போயிச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"சொன்னா இனி ஒரு பய என்னை நம்பி வேலை குடுப்பானா?"

"அந்த ஆளுக்கு இப்ப யாரு குடுக்கா?"

அவர் பிசான அரைவை முடியட்டும் என்று நினைத்தார். அப்புறம் கார் பருவ நடவு முடியட்டும் என்று நினைத்தார். தள்ளிப்போட்ட காரியம் ஒவ்வொரு மாதமும் கனத்துக்கொண்டே போனது. இதற்குள் மில்லைக் கொளுத்தியவன் என்ற பெயர் கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி என்று பரமசிவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அவனை யாரும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் விடவில்லை. விரல்கள் மடங்காத வலது கையோடு வயலில் அரிவாள் பிடிக்கவும் முடியவில்லை என்று கேள்விப்பட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, நாறும்பூநாத பிள்ளை வள்ளியூரில் இன்னொரு மில் திறந்தார். அதற்கு எல்லாப் புஷ்ஷும் தேவதாசன் செய்தது. திறப்பு அன்று பந்தலில் ஏழெட்டு முதலாளிகள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பழைய கதையை எடுத்தார். எண்ணெய் போடாமல் உறங்கின பயல், வாய் கூசாமல் இயந்திரத்தின் மேல் பழி போட்டதை அவன் குரலிலேயே பேசிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

தேவதாசன் எழுந்து நின்றார். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்ததாகக்கூட அவருக்குப் பின்னால் ஞாபகமில்லை.

"அண்ணாச்சி, அவன் எண்ணெய் போட்டான். வாய்க்காலைத் தப்பா வெட்டினது நானு. மில்லை வந்து பாக்காம வெட்டிட்டேன். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

சிரிப்பு நின்றது. பிள்ளைக்குக் கோபம்கூட வரவில்லை, விருந்தில் யாரோ எச்சிலைக் கொட்டிவிட்டதுபோல முகத்தைச் சுளித்தார்.

"இப்ப எதுக்கு வே அது? மில்லு ஓடுதுல்லா. உக்காரும்."

"அந்த ஆளை மறுபடியும் வேலைக்கு..."

"ஏதோ முடிஞ்சு போன காரியம். பைய உக்காரும்."

தேவதாசன் உட்காரவில்லை. மறுநாள் அம்பாசமுத்திரம் போனார். மதியச் சாப்பாட்டு வேளையில் மில் களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் இருந்தபோது, அதே வாக்கியங்களை அங்கேயும் சொன்னார். ஒரு கிழவர் மட்டும், "பரமசிவன் பெண்டாட்டி ஆத்தங்கரைத் தெருவுல இருக்கா. அங்கன போயிச் சொல்லும்" என்றார்.

இசக்கியம்மா வாசலில் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். அவர் யார் என்று சொன்னதும் கை நின்றது. அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அவுகளுக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுமே சொன்னாவ. தப்பு வெட்டுலதான் இருக்கு, மேஸ்திரிக்கும் அது தெரிஞ்சுபோச்சுன்னு."

"அப்படின்னா ஏன் என்கிட்ட வரலை? ஏன் கேக்கலை?"

"நான் போகத்தான் சொன்னேன். வேண்டாம், அவரே வந்து சொல்லுவாரு, நல்ல மனுசன்னாவ. ஆறு மாசம் பாத்தாவ. அப்புறம் ஆள் சேக்க வந்த கங்காணி கூடத் தூத்துக்குடியில கப்பலேறிக் கொழும்புக்குப் போயிட்டாவ. தேயிலைத் தோட்டம்."

தேவதாசன் திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தார். இதற்குத் தயாராக இல்லை. நல்ல மனுசன் என்ற சொல்லோடு அவன் ஆறு மாதம் காத்திருந்திருக்கிறான். அந்த ஆறு மாதமும் அவர் பிசானத்தையும் காரையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தின் பெயரை அவளிடம் கேட்டு வாங்கி, அன்றே தபாலாபீஸில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். நடந்ததை எழுதினார், பந்தலிலும் களத்திலும் சொன்னதை எழுதினார், மன்னிக்கும்படி கேட்டார். திரும்பி வந்தால் தம் பட்டறையிலேயே வேலை உண்டு என்றும் எழுதினார். பதிலை இசக்கியம்மா முகவரிக்கே எழுதலாம், தாம் போய் அவளுக்கு வாசித்துக் காட்டுவதாகவும் கடைசியில் சேர்த்தார்.

நாறும்பூநாத பிள்ளை அதற்குப் பிறகு மதுரையிலிருந்து புஷ் வரவழைத்தார். இன்னும் இரண்டு மில்காரர்களும் நின்றுபோனார்கள்.

ஐப்பசியில் பதில் வந்தது. இசக்கியம்மா ஆள் சொல்லியனுப்பியதும் தேவதாசன் ரயிலேறினார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். வாசலில் நின்று உரக்க வாசித்தார். உடம்பு சௌக்கியம். இங்கே குளிர் அதிகம். தேயிலைச் செடி வெட்டுகிற வேலை, இடது கையால் பழகிவிட்டது. வெள்ளாடு குட்டி போட்டதா? மழைக்கு முன் கூரைக்கு ஓலை மாற்ற வேண்டும், மறக்க வேண்டாம். வருகிற வருஷம் வர உத்தேசம் இல்லை.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"உங்களுக்கு ஒண்ணும் எழுதலையோ?" என்றாள் இசக்கியம்மா.

"எழுதலை."

அவள் முகத்தில் இரக்கமும் இல்லை, வன்மமும் இல்லை. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அவுகளுக்கு ஒரு பதில் எழுதித் தாங்க" என்றாள்.

தேவதாசன் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல எழுதினார். ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று செத்துப்போயிற்று. தாமிரபரணியில் இந்த வருஷம் வெள்ளம் தெருவுக்குள் வரவில்லை. பக்கத்து வீட்டு ஞானம்பாள் மகளுக்குக் கல்யாணம். தாளில் இரண்டு வரிக்கு இடம் மிச்சமிருந்தது.

"என்னைப் பத்தி ஏதாவது எழுதட்டுமா?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். "எடம் இருந்தா, ஓலை மாத்தியாச்சுன்னு எழுதுங்க."

எழுதினார்.