கெர்ஷவாட்டின் அணையாத அடுப்புகள்

லூயிஸ் தீவின் மேற்குக் கரையில், கெர்ஷவாட் என்ற ஊரில், கூரையில்லாத வீடுகள் பதினொன்று உண்டு. 1997ஆம் ஆண்டுக் கணக்குப்படி அவற்றில் ஏழில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. 1851 மே மாதம் குடிகளை வெளியேற்ற நிலக்கிழாரின் ஆட்கள் வந்து கூரைகளைப் பிரித்தபோது, அந்தப் பதினொரு குடும்பங்களும் எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கனடாவுக்குக் கப்பலேறின. அதற்குப் பிறகு யாரும் அவற்றில், சதுப்பில் வெட்டிக் காயவைத்து எரிக்கும் மண்கரியில் ஒரு துண்டுகூட இட்டதில்லை. மழை பெய்தால் நெருப்பு சற்று ஒதுங்கி வழிவிடும், நின்றதும் பழைய இடத்துக்கு வந்துகொள்ளும். ஒரு குடும்பத்தின் கடைசி வாரிசு கடலுக்கு அப்பால் எங்கோ கண்ணை மூடுகிற அன்று அந்த வீட்டு அடுப்பு அணைந்துவிடும். இது ஊருக்குப் புரிய முப்பது ஆண்டுகளும் இரண்டு மரணக் கடிதங்களும் தேவைப்பட்டன. அந்நாளைய போதகர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இந்த அடுப்புகளைக் கண்டித்துப் பிரசங்கித்தார். நான்காவது வாரம் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு நனைந்து வந்தவர், அவற்றில் ஒன்றில் காலுறையை உலர்த்திக்கொண்டார். பிறகு வேறு பாவங்களைப் பற்றிப் பேசலானார்.

அந்த நெருப்பில் யாரும் குளிர் காயலாம். ஆடுகள் பக்கத்தில் படுத்துக் குட்டி போடலாம். தண்ணீர் மட்டும் கொதிக்காது, அந்த வீட்டு இரத்தம் தன் கையால் கெண்டியை வைத்தாலொழிய. ஆகவே முன்னோரைத் தேடி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக ஊர்ப்பொதுவில் ஓர் இரும்புக் கெண்டி இருந்தது. அது விருந்தினர் விடுதி நடத்திய கிர்ஸ்டி ஆனின் பொறுப்பு. வருகிறவர்களை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று சொல்வது டோலினா மெக்கைவரின் பொறுப்பு.

டோலினாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. காலையில் தபால் வண்டி ஓட்டுவாள். பிற்பகலில், மூடிப்போன பள்ளிக்கூடத்தின் ஓர் அறையில் உட்கார்ந்து, கனடாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவாள். ஒரு பெயரை மூன்று ஏடுகளில் பார்க்காமல் எழுதமாட்டாள். எழுதிய பிறகு நாலாவது ஏடு ஒன்று எங்காவது இருக்குமோ என்று கவலைப்படுவாள். கடைசியாக அவளைக் கவலையில் ஆழ்த்தியவர் வாலஸ் மெக்ரிட்சி. ஒன்டாரியோவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது, மனைவி இறந்துவிட்டாள், பிள்ளையில்லை, உடன்பிறந்தாருமில்லை. நான்கு ஆண்டுகளாக மாதம் ஒரு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே கேள்வி: நான் எந்த வீட்டுக்காரன்?

காகிதங்களின்படி விடை எளிது. வாலஸின் கொள்ளுத்தாத்தா டோர்மட் மெக்ரிட்சி, கெர்ஷவாட்டின் ஏழாவது வீடு. ஒரு டோர்மட் மூன்று வயதில் தட்டம்மையில் இறந்து, 1851 பிப்ரவரியில் அடக்கமானதாகத் தேவாலய ஏட்டில் இருந்தது. கியூபெக்கில் இறங்கியபோது எழுதிய பட்டியலில் இன்னொரு டோர்மட் இருந்தான், வயது இரண்டு. டோலினா இதில் தடுமாறவில்லை. இறந்த குழந்தையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது அந்தத் தீவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அவள் குடும்பத்திலேயே மூன்று டோலினாக்கள் அடுத்தடுத்துப் பிறந்திருந்தார்கள். இரண்டாவது டோர்மட் ஏப்ரல் மாதம் பிறந்திருப்பான், இரண்டு மாதம் என்பதை எழுத்தர் இரண்டு வருடம் என்று எழுதிவிட்டார் என்று முடிவுகட்டினாள். ஏறும்போது எழுதிய பட்டியலில் அவன் பெயர் இல்லை. கைக்குழந்தையை எண்ணாமல் விட்டிருப்பார்கள். எல்லாம் பொருந்தியது. ஒன்றைத் தவிர: ஏழாவது வீட்டு நெருப்பு 1917 ஏப்ரலில் அணைந்துவிட்டது. மெக்ரிட்சிகளின் பெண்வழிப் பேரன் ஒருவன் போரில் இறந்த அதே நாள். ஊரின் கணக்குப்படி வாலஸ் மெக்ரிட்சி என்றொருவர் உலகத்தில் இருக்க முடியாது. இதை அவருக்கு எழுத டோலினாவுக்கு மனம் வரவில்லை. நெருப்புக்கும் தவறு நேரலாம் இல்லையா என்று ஒரே ஒருமுறை கிர்ஸ்டி ஆனிடம் கேட்டுப்பார்த்தாள். கிர்ஸ்டி ஆன் மூன்று வாரம் அவளுடன் பேசவில்லை.

வாலஸ் 1997 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கினார். திரும்பும் கப்பல் வெள்ளிக்கிழமை. பெட்டியை இறக்கி வைக்குமுன்பே கிர்ஸ்டி ஆன் அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள்.

"செத்துப்போன ஆளுக்கு நல்லாத்தான் இருக்கீங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"உங்க வீட்டு நெருப்பு அணைஞ்சு எண்பது வருஷம் ஆச்சு. இந்தப் பொண்ணு எழுதலையா? ஏண்டி டோலினா, நாலு வருஷமா தபால்தலைக்குக் காசு செலவழிச்சியே, இதைச் சொல்ல ஒரு வரி இல்லையா?"

டோலினா வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாலஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப நான் யாரு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் டோலினாவுக்குத் தாங்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேலையும் விவகாரமும் ஆகாத ஓய்வுநாள் ஆகையால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. காலையும் மாலையும் ஆராதனைக்குப் போனார்கள். சனிக்கிழமையே சமைத்த இறைச்சியை ஆறிய நிலையில் சாப்பிட்டார்கள். வாலஸ் தம் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடப்போக, கிர்ஸ்டி ஆன் ஊருக்குத் தெரியாமல் அதை எடுத்து உள்ளே ஒளித்தாள்.

திங்கட்கிழமை, வழக்கப்படி தண்ணீர் நிரப்பிய கெண்டியோடு, டோலினாவும் கிர்ஸ்டி ஆனும் அவரை ஏழாவது வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். நான்கு சுவர், நடுவில் காஞ்சொறிச் செடி. அடுப்புக்கல் ஈரமாக இருந்தது. வாலஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து, பேருந்தின் இஞ்சின் சூடு பார்க்கிறவரைப் போலக் காத்திருந்தார். ஒன்றுமில்லை. அப்போது கடலிலிருந்து மழை சாய்ந்து வந்தது. மூவரும் மேட்டிலிருந்த பதினோராவது வீட்டுக்கு ஓடினார்கள், அதுதான் எரிகிற அடுப்புகளில் பக்கத்தில் இருந்தது. அது விதவை கத்ரியோனா நிக்கல்சனின் வீடு. அவள் தன் ஒற்றைக் குழந்தையோடு கப்பலேறினாள். இறங்கிய பட்டியலில் இருவர் பெயரும் இல்லை. இருவரும் கடலில் போய்விட்டார்கள் என்பதே எல்லா ஏடுகளின் முடிவு. ஆனாலும் அங்கே நெருப்பு நூற்று நாற்பத்தாறு ஆண்டுகளாக எரிந்தது. ஊர் இதை ஆண்டவரின் கவனக்குறைவு என்று எண்ணி, மரியாதைக்காக வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தது.

கிர்ஸ்டி ஆன் நனைந்த கையுறையைக் கழற்றவேண்டி, "இதைப் பிடிங்க ஐயா" என்று கெண்டியை வாலஸிடம் கொடுத்தாள். கனமாக இருந்ததால் அவர் அதை அடுப்பின் மேல் வைத்தார். மழை குறையுமா என்று மூவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் மூடி தடதடவென்று ஆடத் தொடங்கியது.

"கொதிக்குது" என்றாள் டோலினா.

"தெரியுதுடி, கண்ணு இருக்கு. தேயிலை கொண்டுவந்தியா?"

"இல்லையே."

"நாலு ஏட்டைத் தூக்கிட்டு வந்திருக்கா, ஒரு பொட்டலம் தேயிலை இல்ல!"

வாலஸ் வெந்நீரை வெறுமனே குடித்தார். டோலினா பையிலிருந்த ஏடுகளைக் கோட்டுக்குள் பிடித்தபடி அங்கேயே புரட்டினாள். ஏறிய பட்டியல்: விதவை நிக்கல்சன், மகன் இயன், வயது இரண்டு. இறங்கிய பட்டியல்: டோர்மட் மெக்ரிட்சி, வயது இரண்டு. எழுத்தர் தவறு செய்யவில்லை. தாய் கடலில் இறந்ததும் மெக்ரிட்சிகள் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள். அவர்களிடம் பிப்ரவரி முதல் ஆளில்லாமல் ஒரு பெயர் கிடந்தது, அதை அவனுக்குப் போட்டுவிட்டார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அந்தக் கப்பலில் இருந்த கெர்ஷவாட்காரர் எவருக்கும் அது சொல்லத்தக்க செய்தியாகவே பட்டிருக்காது. டோலினா இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "தப்பு என்னோடது, மிஸ்டர் மெக்ரிட்சி. ரெண்டு மாசம்னு நானா முடிவு பண்ணிட்டேன்" என்றாள். பிறகு, "மிஸ்டர் நிக்கல்சன்" என்று திருத்தினாள்.

"வாலஸ்னே கூப்பிடும்மா. அதை மட்டும் யாரும் மாத்த முடியாது."

அவர் கெண்டியைக் கீழே வைத்தார். "இது பெத்தவ வீடு. சரி. அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டவங்க வீடு கீழ இருட்டா கிடக்கே" என்றார். அடுப்பு அணைந்துபோனால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வது அந்த ஊரில் சாதாரண விஷயம். ஆனால் இந்தப் பதினொரு வீடுகளில் யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை. கிர்ஸ்டி ஆன் விறுவிறுவென்று தன் வீட்டுக்கு நடந்தாள். திரும்பும்போது கையில் நெருப்பள்ளும் நீளக் கரண்டி ஒன்று இருந்தது. மழை விட்டிருந்தது. எழுபத்திரண்டு வயது மனிதர், ஒரு துண்டு கங்கைக் கரண்டியில் ஏந்தி, காற்றுக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே நடந்து மேட்டிலிருந்து இறங்கினார். இரண்டு முறை சறுக்கினார். ஏழாவது வீட்டு ஈரக் கல்லின் மேல் அதை வைத்ததும், அது முந்தைய இரவு சாம்பலால் மூடிவைத்த அடுப்பைப் போலப் பற்றிக்கொண்டது.

வெள்ளிக்கிழமைக் கப்பலை அவர் தவறவிட்டார். மண்கரி வெட்டும் பருவம் முடியும்வரை தங்கி, முதுகு பிடித்துக்கொண்டு ஜூலையில் ஒன்டாரியோ திரும்பினார். பிறகும் மாதம் ஒரு கடிதம் வந்தது; கேள்விகள் இல்லை, தக்காளிச் செடிகளைப் பற்றி எழுதினார். 2006 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, டோலினா தபால் வண்டியை மேட்டில் நிறுத்திப் பார்த்தபோது பதினோராவது வீட்டு அடுப்பு அணைந்திருந்தது. அவள் வண்டிக்குள் உட்கார்ந்து சிறிது நேரம் அழுதுவிட்டு, தேதியைக் குறித்துக்கொண்டாள். ஒன்டாரியோவிலிருந்து அவருடைய அண்டை வீட்டார் தொலைபேசியில் சொன்னது வியாழக்கிழமைதான்.

ஏழாவது வீட்டு நெருப்பு அன்று அணையவில்லை, இன்றும் அணையவில்லை. ஆண்டு இறுதிப் பட்டியலில் அந்த வீட்டுக்கு எதிரே வாரிசு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று டோலினா இரண்டு நாள் யோசித்தாள். கிர்ஸ்டி ஆனைக் கேட்டதற்கு, "எரியுதா? எரியுதுன்னு எழுது" என்றாள். அப்படியே எழுதிவிட்டு, டோலினா பட்டியலில் அடுத்த வரியான எட்டாவது வீட்டுக்குப் போனாள்.