பொன்னாயி அமுக்கிய பட்டன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, ஒரு பெண்ணின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வியாழக்கிழமை காலை, ஓய்வூதியத்துக்காக உயிர்ச்சான்று கொடுக்க நைனார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருந்தேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று என் கட்டைவிரல் சாட்சி சொல்ல வேண்டும். ரேகை தேய்ந்த கிழவனை மெஷின் நம்ப மறுத்தது.

"நல்லா அழுத்திப் புடிங்க சார். சத்தம் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்றாள் அங்கே வேலை பார்க்கிற நிர்மலா.

நான்காவது தடவை சத்தம் வந்தது. அவள் சிரித்தாள். "இப்பிடி ஒரு வெரலாலதான் சார் எனக்கு ரெண்டு வாரமா தூக்கம் போச்சு" என்றவள், மேசைமேல் கிடந்த தன் போனை எட்டிப் பார்த்தாள். யாரிடமிருந்தோ அழைப்பை எதிர்பார்க்கிறாள் என்று தெரிந்தது. எழுதுகிறவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

"கருணாபுரத்துக் குறுகிய சந்தில், ஏழைப் பெண் நிர்மலா கண்ணீரோடு—" அடித்துவிட்டேன். கருணாபுரம் என்று எழுதியதுமே வாசகர் கைக்குட்டையைத் தேடுவார். விஷச் சாராயத்தால் அந்தப் பேட்டை பட்ட துக்கம் ஊருக்கே தெரியும். அதைக் கடன் வாங்கி என் கதையைக் கனமாக்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. நிர்மலாவுக்கு வீடு அங்கே, வயது முப்பது, அப்பா காசிநாதன் மூட்டை தூக்குகிறார். கண்ணீர் எதையும் நான் பார்க்கவில்லை.

"கல்வராயன் மலையில் மேகங்கள் தவழ்ந்து—" சீ. மேகம் தவழத்தான் செய்தது, நானும் பார்த்தேன். அதற்காக எழுதிவிட முடியுமா?

"பட்டன் வேலை செய்யவில்லை." இது இருக்கட்டும்.

3

பட்டன் வேலை செய்யவில்லை.

நிர்மலா ஒரு வருஷமாக, சென்டரைப் பூட்டிய பிறகு, பழைய லேப்டாப் ஒன்றில் வீடியோ பார்த்துப் பார்த்து மொபைல் ஆப் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். சொல்லித்தர ஆள் கிடையாது. அவள் செய்த முதல் ஆப், வடக்கனந்தல் கண்ணாயிரத்துக்காக. அவர் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்திருப்பவர். வியாழன்தோறும் மலையேறி, சாமை, புளி, பலாப்பழம் என்று ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்குவார்.

"மேல போனா லோடு இருக்காது. போவலன்னா அன்னிக்கின்னு பாத்து மூட்டயோட நின்னுகினு இருப்பாங்க" என்று ஒருநாள் சென்டரில் அவர் புலம்ப, நிர்மலா வாய் தவறி "நான் ஒரு ஆப் பண்ணித் தரட்டுமாண்ணே?" என்று கேட்டுவிட்டாள்.

ஒரே திரை. நடுவில் சோற்றுத்தட்டு அளவுக்கு ஒரு பட்டன். லோடு இருப்பவர் புதன்கிழமை அதை அமுக்கினால், கண்ணாயிரத்தின் போனில் அவர் பெயர் வரும். மலையில் ஆறு வீடுகளில் போட்டுக் கொடுத்தார்கள். ஐந்து பெயர்கள் சரியாக வந்தன. ஆறாவது வரவில்லை.

ஆறாவது, பொன்னாயி. அவர் ஊர் பாதை முடிகிற இடத்தில் இருக்கிறது. பெயர் வந்தால்தான் வண்டி அவ்வளவு தூரம் போகும். முதல் வியாழன், வெட்டி இறக்கிய பன்னிரண்டு பலாப்பழத்தோடு ஊருக்குப் பக்கத்துப் பாதை வளைவில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நின்றிருக்கிறார். இரண்டாவது வியாழனும் அதே கூத்து. பாதிப் பழம் நைந்துபோய் மாட்டுக்குப் போட வேண்டியதாயிற்று.

"இன்னும் ஒரே ஒரு வியாழக்கெழம பாக்கறேம்மா" என்றார் கண்ணாயிரம். "அதுக்கும் வர்லன்னா இந்த ஆப்பே வாணாம். அந்தம்மா மூஞ்சில என்னால முழிக்க முடியல."

நிர்மலாவும் தனக்குள் ஒரு முடிவு செய்துகொண்டாள். ஒரு பட்டனை ஒழுங்காக வேலை செய்யவைக்கத் துப்பில்லை என்றால் இந்தப் படிப்பே நமக்கு வேண்டாம். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, விண்ணப்பம் நிரப்புகிற வேலையோடு நிறுத்திக்கொள்வது.

பொன்னாயிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பட்டன அமுக்கினீங்களா?"

"நல்லா அமுக்கினேன் கண்ணு. எழுத்துகூட வந்துச்சே."

"இன்னா எழுத்துக்கா?"

"அத யாரு படிச்சாங்க? கறுப்பா வந்துச்சு. வந்ததும் வெரல எடுத்துட்டேன்."

[சாமர்த்தியமான வாசகர் இந்த இடத்திலேயே கண்டுபிடித்திருப்பார். நிர்மலா கண்டுபிடிக்கவில்லை. அவள் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த நானும்தான்.]

4

இந்தப் பகுதியை நீங்கள் தாண்டிப் போனாலும் கதை புரியும். ஆனால் நான் தாண்டப் போவதில்லை. எனக்குப் பிடித்ததே இதுதான்.

பட்டன் ஏன் வேலை செய்யாமல் போகும்? கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று, கண்ணாடித் தாள் மாதிரி, அதன்மேல் படுத்துக்கொண்டு விரலை வாங்கிக்கொள்ளலாம். சின்ன போனில் திரைக்கு வெளியே பாதி வழிந்து போயிருக்கலாம். அமுக்கியது சரியாகவே பதிவாகி, சிக்னல் இல்லாமல் போய்ச் சேராமல் இருக்கலாம். நிர்மலா ஒரு பள்ளிக்கூட நோட்டில் இவற்றை வரிசையாக எழுதினாள். பொன்னாயி வைத்திருக்கும் அதே மாதிரி போன் பக்கத்து வீட்டுச் செல்லியம்மாளிடம் இருந்தது, இரவல் வாங்கினாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவாள், சோதிப்பாள், என்ன ஆயிற்று என்று எழுதுவாள், அடுத்ததற்குப் போவாள். அந்த போனில் நாற்பது தடவை அமுக்கினாள். நாற்பதும் போய்ச் சேர்ந்தன; சிக்னலை அணைத்துவிட்டு அமுக்கியவைகூட, சிக்னல் வந்ததும்.

அந்த நோட்டை நான் பார்த்தேன். அடேயப்பா! நான் ஒரு கதை சரியாக வரவில்லை என்றால் ஒரே மூச்சில் பத்து வாக்கியங்களை மாற்றிவிட்டு, எது கெடுத்தது, எது காப்பாற்றியது என்று தெரியாமல் முழிப்பவன். நாற்பது வருஷம் எழுதியும் எனக்கு வராத புத்தி அவளுக்கு ஒரே வருஷத்தில் வந்திருக்கிறது.*

* இவ்வளவு பொறுமையை யாரும் நம்பமாட்டார்கள் என்று பயந்து, ஆத்திரத்தில் அவள் லேப்டாப்பை ஓங்கி அறைவதாக ஒரு காட்சி சேர்த்தேன். படித்துவிட்டு, "ஒடஞ்சா யாரு சார் வாங்கித் தருவா? நீங்களா?" என்று கேட்டாள். எடுத்துவிட்டேன்.

5

நோட்டில் எல்லாவற்றையும் அடித்தாயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: பொன்னாயி அமுக்குவதை நேரில் பார்ப்பது. மூன்றாவது வியாழனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பஸ் ஏறினாள்.

பொன்னாயி பழம் அறுத்துப் போட்டு உபசரித்தார். இரண்டு வாரம் வெயிலில் நின்றவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் நிர்மலாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க எப்பவும் அமுக்கற மாதிரியே அமுக்குங்க" என்றாள். கை பரபரத்ததால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பொன்னாயி கட்டைவிரலை முந்தானையில் நன்றாகத் துடைத்தார். பட்டன் மேல் வைத்தார். அழுத்தினார். எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, வரிசையில் நிற்பவர் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். விரலுக்கு மேலே கறுப்பாக ஒரு பட்டை, அதில் எழுத்து. அதைப் பார்த்ததும் விரலை எடுத்தார்.

"அவ்ளோதான் கண்ணு. இப்பிடித்தான் ரெண்டு வாரமும் அமுக்கினேன்."

நிர்மலா பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். அந்த எழுத்து அவள் போட்டது. யாருக்காவது பட்டன் எதற்கென்று புரியாவிட்டால், விரலை அழுத்திப் பிடித்தால் விளக்கம் வரட்டும் என்று, ஒரு வீடியோவில் பார்த்து, நல்லெண்ணத்தில் சேர்த்த ஒரே ஒரு வரி. விளக்கம் வந்துவிட்டால், இவர் அமுக்க வரவில்லை, கேட்க வந்திருக்கிறார் என்று போன் எடுத்துக்கொள்ளும். அமுக்கியது கணக்கில் வராது. மற்ற ஐந்து பேரும் பட்டென்று தட்டிவிட்டு எடுத்துவிடுகிறவர்கள். அவளும் நாற்பது தடவை அப்படித்தான் தட்டியிருந்தாள்.

"எதுக்குக்கா இவ்ளோ நேரம் புடிச்சுகினு இருக்கீங்க?"

"பின்ன? ரேசன் கடையில பட்டுனு எடுத்தா திட்டுவாங்கல்ல? சத்தம் வர்ற வரைக்கும் புடிக்கணும். உன் மெஷினு சத்தமே போடல. எழுத்து வந்துச்சு, சரி, இதுக்கு இதான் போலன்னு எடுத்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீயுந்தான் சொன்ன. எங்க வூட்டுக்காரருக்குக் காப்பீட்டுக் கார்டு போட வந்தப்போ, சத்தம் வராம எடுக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொன்ன?" என்றார்.

ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேருக்கு அவள் சொல்லித்தருவது அதைத்தான். நிர்மலாவுக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்தது என்று என்னிடம் சொன்னாள்.

6

முடிவுகள்.

(அ) நிர்மலா பொன்னாயியின் விரலைப் பிடித்து, "இப்பிடி லேசா தட்டுங்கக்கா" என்று கற்றுக்கொடுக்கிறாள். பொன்னாயி தன் தவறை உணர்ந்து—

இந்த முடிவைத்தான் முதலில் எழுதினேன். பெருமையாக அவளிடம் வாசித்தும் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது.

"இன்னா சார் இப்பிடி எழுதிகினு வந்திருக்கீங்க? அந்தக்கா எங்க தப்பா அமுக்கினாங்க? அவங்க ஒழுங்காத்தான் அமுக்கினாங்க. நான்தான் தப்பா வெச்சேன்."

எனக்குச் சுரீர் என்றது. கதை புரியவில்லை என்ற வாசகர்களை நான் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்!

(ஆ) நடந்தது இதுதான். பலாமரத்தடியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். விளக்கம் காட்டுகிற வரியை எடுத்தாள். தட்டினாலும் சரி, அழுத்திப் பிடித்தாலும் சரி, இரண்டையும் ஏற்றுக்கொள் என்று எழுதினாள். ஏற்றுக்கொண்டதும் ரேஷன் கடை மெஷின் மாதிரியே ஒரு சத்தம் வரவைத்தாள். சிக்னல் கிடைக்கிற மேடு வரை இருவரும் நடந்து போய், அவள் போனிலிருந்து பொன்னாயி போனுக்குப் புது ஆப்பை மாற்றினார்கள்.

பொன்னாயி விரலைத் துடைத்து, வைத்து, பிடித்தார். சத்தம் வந்தது.

"ஆங்! இப்பதான் ஒழுங்கா பேசுது" என்று இன்னொரு தடவை அமுக்கினார். ஆசை தீராமல் இன்னும் நான்கு தடவை.

அடுத்த நிமிஷம் கண்ணாயிரத்திடமிருந்து போன். "யம்மா நிர்மலா, பொன்னாயி பொன்னாயின்னு வந்துகினே கீது! மலையவே பேத்து ஏத்தச் சொல்றாங்களா?"

7

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பட்டன் சத்தம் போட்டது வேறு, வியாழக்கிழமை பாதை முடிகிற இடம்வரை வண்டி போவது வேறு. கண்ணாயிரம் கெடு வைத்தது அதற்குத்தான்.

நான் உயிர்ச்சான்று கொடுக்கப் போன வியாழன் அதுதான். கதை முழுவதையும் சொல்லி முடித்தபோது மணி பதினொன்று. பத்துக்கே வண்டி வளைவுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நிர்மலா போனைப் பார்ப்பதும், யாருடைய விண்ணப்பத்தையோ தப்பாக நிரப்பி அழிப்பதுமாக இருந்தாள். எனக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை. சம்பந்தமே இல்லாத கிழவன், யாரோ ஒருவரின் பலாப்பழத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன் அடித்தது.

"சொல்லுங்கண்ணே" என்றாள் நிர்மலா.

அந்தப் பக்கம் கண்ணாயிரம் பேசினார். அவர் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் குரலும் கேட்டது. நிர்மலா எழுந்து நின்றுவிட்டாள். அது யாருடைய குரல், என்ன சொன்னது என்று—

இல்லை, எழுதப் போவதில்லை. எழுதினால், முடிவு (அ)-வில் போல, என் விரல்தான் அதிலும் இருக்கும். இவ்வளவு தூரம் கூடவே மலையேறி வந்தவர் நீங்கள். உங்கள் கட்டைவிரலைத் துடைத்துவிட்டு இந்த வரியின்மேல் வையுங்கள். நல்லா அழுத்திப் பிடியுங்கள். சத்தம் வருகிற வரைக்கும் எடுக்காதீர்கள்.