சுற்றுக் குறைச்சல்

மதியச் சாப்பாடு முடிந்து ஷெட்டுக்குள் மறுபடியும் மோட்டார்கள் ஓடத் தொடங்கியிருந்தன. பத்ரையா தட்டிலிருந்து, செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயிலை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் மீட்டரின் கவ்விகளில் மாட்டினார். முள் ஏறியது, பச்சைக் கோட்டைத் தொடாமல் கீழேயே நின்றது. தூரிகையைச் சிவப்பு மையில் தோய்த்து ஒரு பொட்டு வைத்து, காயிலை வலதுபக்கம் போட்டார். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான்.

சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் யாரும் நிமிரவில்லை. ஆனால் வலதுபக்கம் விழும் ஒவ்வொரு காயிலின் சத்தத்தையும் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முள் இறங்கினால் சுற்றுக் குறைச்சல் என்று அர்த்தம். சுற்றுக் குறைச்சல் என்றால், கொடுத்த செம்புக் கம்பியில் ஒரு பகுதி வேறெங்கோ போயிருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி வேணுமாதவராவ் எழுந்து வந்தார். வலதுபக்கத் தட்டில் கைவிட்டு அளைந்தார்.

"மறுபடியும் அவளோடதா?"

"ஆமா சார். கொமுரம்மாவோடது."

கொமுரம்மா ஸ்டூலை விட்டு எழுந்தாள். நாற்பதைத் தாண்டியவள். தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சுற்ற அந்த ஷெட்டில் அவள் ஒருத்திக்குத்தான் கை இருந்தது. மற்றவர்கள் தடித்த கம்பிக்காரர்கள்.

"என் மிஷின் கௌண்டர்ல சுத்துக் கணக்கு சரியா இருக்கு சார். நீங்களே பாருங்க."

"கௌண்டர் சக்கரத்தைக் கையால தள்ளிவிட எவ்வளவு நேரமாகும்?"

"அப்ப ஒண்ணைப் பிரிச்சு எண்ணுங்க."

"பிரிச்ச கம்பியை உன் கொண்டையில சுத்திக்கிறியா?" ராவ் பத்ரையாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுய்யா. மிஷின் தப்பா காட்டுதா? இவ தப்பா சுத்துறாளா?"

அந்த மீட்டர் ஜப்பானில் செய்தது. மௌலா அலியில் ஒரு சர்க்கார் தொழிற்சாலையை மூடியபோது பழைய இரும்போடு இரும்பாக ராவ் அதை ஏலத்தில் எடுத்து வந்தார். முப்பது வருடப் பழசு. குப்பையில் போட இருந்ததை ஒரு மாதம் உட்கார்ந்து உயிர் கொடுத்து ஓட வைத்தது பத்ரையா. அதைச் சந்தேகப்படுவது அவரையே சந்தேகப்படுவதுபோல. அதுவும் இத்தனை பேர் முன்னால்.

"காலையில மத்தவங்க காயில் எல்லாம் சரியாத்தான் நிக்குது சார்," என்றார் பத்ரையா. "கை சுத்தமா இருந்தா இவளுக்கு மட்டும் முள் ஏன் இறங்குது?"

கொமுரம்மா அவரைப் பார்த்தாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, ராவ் கத்திக்கொண்டிருக்கும்போதே வெளியே போனாள். அந்த மாதச் சம்பளம் போன கம்பிக்கு ஈடு என்று ராவ் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்.

"அந்த மயிர்க்கம்பியை வித்தா ஒரு பீடிக்கட்டு வருமா?" என்றாள் ஷம்ஷாத். யாரிடமும் சொல்லவில்லை, தன் மிஷினிடம் சொன்னதுபோல.

அன்றிலிருந்து பத்ரையாவுக்குத் தேநீர் வரவில்லை. குஷாய்குடா முனையிலிருந்து கேனில் வாங்கிவரும் தேநீரை ஷம்ஷாத்தான் ஊற்றிக் கொடுப்பாள். இப்போது அவருடைய மேஜைக்கு முந்தின ஸ்டூலோடு கேன் காலியாகிவிடும். அவர் தண்ணீர்ப் பானைக்குப் போனால் அங்கே நின்றிருப்பவர்கள் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு நகர்வார்கள். மதியம் ரொட்டியைப் பிய்க்கும்போது, ஊறுகாய் வேண்டுமா என்று கேட்க ஆளில்லை. 'போங்கடி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். திருடிக்குப் பரிந்துகொண்டு வருகிற கூட்டம்.

கொமுரம்மாவின் மிஷினில் சிரீஷா என்ற பெண்ணை உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். முதல் நாள் முழுக்கக் கம்பி அறுந்துகொண்டே இருந்தது. சில நாள் போராடி ஒரு சின்னத் தட்டு நிறையச் சுற்றினாள். அதைப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி, வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்ரையாவின் மேஜையில் வைத்தாள்.

முள் ஏறியது. பச்சைக் கோட்டுக்குக் கீழேயே நின்றது.

பத்ரையா கவ்வியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அதே இடம். வேறொன்றை மாட்டினார். அதைவிடக் கீழே. இரண்டுக்கும் சிவப்புப் பொட்டு வைத்தார்.

"என்னண்ணா? தப்பாயிடுச்சா?" சிரீஷா கேட்டாள். "நான் ஒரு முழம்கூட எடுக்கலைண்ணா. சத்தியமா."

மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன. ராவ் வாடிக்கையாளரைப் பார்க்க செர்லாபள்ளிக்குப் போயிருந்தார். ஷம்ஷாத் எழுந்து வந்து மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றினாள்.

"இவளும் திருடியாண்ணா? நேத்து வந்த புள்ள. கம்பியை எங்க வச்சுக்கிட்டு போறா, மூக்குத்தி ஓட்டையிலயா?"

"கையை எடு. வேலையைப் பாரு."

"எடுக்கறேன்." சிவப்புப் பொட்டு வைத்த இரண்டில் ஒரு காயிலை அவள் எடுத்துக்கொண்டு போனாள். அதைச் சுற்றும் மிஷினில் மாட்டி, கௌண்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கம்பியைப் பின்பக்கமாக இழுத்து வேறொரு உருளையில் சுற்ற ஆரம்பித்தாள். கம்பி அறுந்துவிடாமல் மிக மெதுவாகச் சுற்றினாள். பெண்கள் எல்லோரும் மிஷினைச் சுற்றி நின்றுவிட்டார்கள். பத்ரையா தன் இடத்திலிருந்து எழவில்லை. கடைசிச் சுற்று கழன்று வெறும் பிளாஸ்டிக் கூடு தெரிந்ததும் ஷம்ஷாத் மிஷினை நிறுத்தினாள்.

"நாலாயிரம்," என்றாள். "வேணும்னா வந்து பாத்துக்கோ. ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு குறையவும் இல்ல. இப்ப சொல்லு, யாரு திருடன்?"

யாரோ தரையில் துப்பினார்கள். பத்ரையா மீட்டரை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு விடுமுறை. வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக்கொண்டு பத்ரையா தனியாக உள்ளே போனார். மீட்டரின் மேல்மூடியைக் கழற்றி, மின்சாரம் வழங்கும் பகுதியில் வோல்ட் மீட்டரின் முனைகளைக் கொக்கி போட்டு மாட்டினார். பதினைந்து வோல்ட். அசையாமல் பதினைந்து. ஷம்ஷாத் பிரித்த காயிலுக்குப் பக்கத்துக் காயிலை மாட்டினார். வெள்ளிக்கிழமை சிவப்புப் பொட்டு வாங்கியது அது. முள் பச்சைக் கோட்டின் நடுவில் போய் நின்றது.

ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் பலகையை அங்கங்கே தட்டினார். ஒயர்களை ஆட்டினார். ஒன்றும் ஆகவில்லை. இப்படித் தப்புச் செய்துவிட்டு, ஆள் பார்க்கும்போது நல்லபிள்ளையாக நிற்கிற கோளாறுதான் எல்லாவற்றிலும் கேடுகெட்டது. அது வரும்வரை உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். அவர் காத்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை படபடவென்று சொடுக்கியது. பதினைந்து வோல்ட்.

பிறகுதான் அவருக்கு முதுகுப் பக்கம் ஏதோ குறைவதுபோலத் தோன்றியது. மேஜைக்குப் பின்னால் இருந்தது வார்னிஷ் உலர்த்தும் பெட்டி. மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போடுவார்கள். இன்று அணைந்து கிடந்தது. எழுந்து போய் சுவிட்சைப் போட்டார். தகரம் சூடேறி அனல் மேஜைக்கு வந்தது. வோல்ட் மீட்டரில் பதினைந்து, பதினான்கரையாகி, சட்டென்று பன்னிரண்டுக்குச் சரிந்தது. மீட்டரின் முள்ளும் கூடவே இறங்கியது. பச்சைக் கோட்டுக்குக் கீழே, அவருக்கு நன்றாகத் தெரிந்த அதே இடத்தில் நின்றது.

தடித்த கம்பிக் காயில்கள் சீக்கிரம் முடிந்து காலையிலேயே மேஜைக்கு வந்துவிடும். மெல்லிய கம்பி நேரம் பிடிக்கும். கொமுரம்மாவின் தட்டு எப்போதும் மதியத்துக்கு மேல்தான் வரும்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் குளிர வைத்தார். ரெகுலேட்டரைத் தொட்டார், மாற்றமில்லை. டையோடுகளைத் தொட்டார், மாற்றமில்லை. பெரிய கெப்பாசிட்டரின் காலைத் தொட்டதும் வோல்ட் குதித்துப் பதினைந்துக்குப் போனது. பஞ்சை எடுத்து, சூடேற விட்டார். சரிந்தது. மறுபடி தொட்டார். ஏறியது. பலகையைத் திருப்பிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். காலைச் சுற்றியிருந்த ஈயத்தில் வளையமாக ஒரு விரிசல், மயிரைவிட மெல்லியது. குளிரில் ஒட்டிக்கொண்டும் சூட்டில் விலகியும் எத்தனை நாளாக விளையாடுகிறதோ. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வைத்தார். வேலை ஒரு பீடி குடிக்கும் நேரத்துக்குள் முடிந்தது. உலர்த்துப் பெட்டி எரிந்துகொண்டே இருந்தது. பதினைந்து வோல்ட் அசையவில்லை. பத்ரையா வியர்வையைத் துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை ராவ் செருப்பைக் கழற்றும் முன்பே பத்ரையா கண்ணாடி அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னார். ராவ் பொறுமையாகக் கேட்டார்.

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார். கொமுரம்மா காயில் எதுவும் குறைச்சல் இல்ல. சிவப்புப் போட்டதெல்லாம் எங்க சார்? எடுத்து மறுபடி பார்த்துடலாம்."

"அது எதுக்கு இப்ப? அதெல்லாம் போயாச்சு."

"எங்க?"

"செர்லாபள்ளி கம்பெனிக்குத்தான். சிவப்பைத் துடைச்சு நல்லதோட சேர்த்து அனுப்பிட்டேன். ஒரு புகார்கூட வரலையே."

பத்ரையாவுக்கு இது விளங்கச் சற்று நேரமாயிற்று. "அப்ப காயில் நல்லாத்தான் இருக்குன்னு உங்களுக்கு..."

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன மீட்டரா?" ராவ் செய்தித்தாளை விரித்தார். "சிவப்புப் பொட்டு யாரு வச்சது? நான் வச்சனா? 'கை சுத்தமா இருந்தா'ன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னது யாரு? போ. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

மாலையில் பத்ரையா காப்ராவுக்குப் போனார். ஏரிக்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறத்தில் கொமுரம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் உள்ளே உட்காரக்கூடிய அண்டா. சோடாத்தூள் நுரை முழங்கைவரை ஏறியிருந்தது. விரல் நுனிகள் வெடித்துச் சிவந்திருந்தன.

அவர் நின்றுகொண்டே சொன்னார். சூடு, விரிசல், உலர்த்துப் பெட்டி. அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அதனால? இப்ப நான் திருடி இல்லைங்கறே."

"இல்ல கொமுரம்மா. நீ சரியாத்தான் சுத்தியிருக்கே."

"அது எனக்குத் தெரியாதா? அதைச் சொல்ல இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தியா?" அண்டாவைச் சாய்த்தாள். அழுக்குத் தண்ணீர் அவர் செருப்பைத் தொட்டு ஓடியது. "திருடின்னு சொன்னப்ப ஷெட்டே கேக்கற மாதிரி சொன்னே. இல்லைன்னு சொல்றதுக்கு மட்டும் அண்டா மறைவுக்கு வந்து காதுல ஓதறியா? எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லுய்யா. நகரு, தண்ணி ஊத்தணும்."

மறுநாள் காலை, மோட்டார்கள் ஓடத் தொடங்கும் முன் பத்ரையா மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மீட்டர் கெட்டிருந்தது என்றார். கொமுரம்மா திருடவில்லை, தான் சொன்னது தப்பு என்றார். சிவப்புப் போட்ட காயில்கள் எல்லாம் நல்ல விலைக்குப் போய்விட்டன என்பதையும் சொன்னார். கண்ணாடி அறையின் கதவு திறந்தது.

"இப்பவாவது வாய் வந்துதே," என்றாள் ஷம்ஷாத். அவள் குரலில் ஈரமில்லை. தன் மிஷினின் பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள். "கொமுரக்கா வர்ற வரைக்கும் நான் சுத்தமாட்டேன்." பக்கத்து மிஷினின் பிளக்கும் விழுந்தது. அதற்கடுத்ததும்.

ராவ் கத்தினார். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பத்ரையாவைப் பார்த்து, "உன்னைத்தான்டா முதல்ல அனுப்பணும், அனுப்பிட்டா இந்த மீட்டர் டப்பாவை எவன் பார்ப்பான்" என்று பல்லைக் கடித்தார். அன்று செர்லாபள்ளிக்குச் சரக்குப் போக வேண்டியிருந்தது. மதியத்துக்குள் அவர் குரல் இறங்கிவிட்டது.

"வரச் சொல்லுங்க. நானா வேணாங்கறேன்?"

கொமுரம்மா வந்தாள். வாசலிலேயே ராவ் அவளை நிறுத்தினார்.

"பாரும்மா, நீயா வேலையைப் போட்டுட்டுப் போனே. போனவங்க போனவங்கதான். இப்ப புதுசாத்தான் சேர்க்க முடியும். புது ஆளுங்களுக்கு என்ன சம்பளமோ அது. மூணு மாசம் பயிற்சி. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"பயிற்சியா? இவளுக்கா?" என்றாள் ஷம்ஷாத்.

"ஆளைத் திரும்பக் கேட்டீங்க. ஆள் வந்தாச்சு. இன்னும் என்ன?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரைநாள் கூலி ஏற்கெனவே போயிருந்தது. ஒருத்தி குனிந்து பிளக்கைச் சொருகினாள். பிறகு இன்னொருத்தி. கடைசியாக ஷம்ஷாத்.

கொமுரம்மா வாசலில் நின்று, சொருகிய பிளக்குகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள். பத்ரையாவின் மேஜையைக் கடக்கும்போது அவர் எழுந்து நின்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவளைக் கண்டதும் சிரீஷா பதறி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "நீ உக்காரு," என்றார் ராவ். "இவங்க உன் பக்கத்துல உக்காந்து பார்த்துக் கத்துக்கட்டும்." தடித்த கம்பி உருளைகளை அடுக்கி வைக்கும் மரப்பெட்டி ஒன்றைக் காலால் தள்ளி, மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டுப் போனார். கொமுரம்மா அதில் உட்கார்ந்தாள். வெடித்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டாள்.

சிரீஷா மிதியை அழுத்தினாள். கம்பி விர்ரென்று ஓடி, கொஞ்ச தூரத்திலேயே அறுந்தது. அறுந்த முனையைப் பிடித்துக்கொண்டு அவள் கொமுரம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, இதை எப்படிக்கா ஒட்டுறது?"

கொமுரம்மாவின் கை மடியிலிருந்து எழுந்து பாதி தூரம் போனது. கண்ணாடி அறையை ஒருமுறை பார்த்தாள். கை மறுபடி மடிக்கு வந்தது.

"நான் புதுசும்மா," என்றாள். "எனக்கென்ன தெரியும்?"

மின்விசிறிக் காற்றில் கம்பியின் மறுமுனை கூட்டிலிருந்து கழன்று பறந்துகொண்டிருந்தது. சிரீஷா அதைப் பிடிக்கக் கைகளை வீசினாள். அது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அது போகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.