தலைவர் எழும்பிப் போன ஆட்டம்

1

உலகத்தில் மனிதர் இரண்டே வகை. முடிவுவரை நிற்பவர், நிற்காதவர். சரித்திரத்தை எழுதியவர்கள் முதலாம் வகை. சரித்திரத்தில் காணாமற் போனவர்கள் இரண்டாம் வகை.

இதைச் சொன்னவர் கிண்ணியா உதைபந்தாட்ட ஆதரவாளர் சங்கத்தின் தலைவர், நெல் வியாபாரி சரீப். சொன்ன இடம் வாசிகசாலை மண்டபம். அவர் இரண்டாம் வகைக்கு வந்து சேர்ந்தபோது சபையில் பாதிப்பேர் தேத்தண்ணிக் கடைக்குப் போயிருந்தார்கள்.

மிச்சப் பாதியில் இருந்த ஒருவர்தான் எனக்கு இந்தக் கதையைத் தந்தார். பெயர் ஜெமீல். பாதை* ஓட்டுபவர். நான் கேட்கவில்லை. பாதை நடுக்கடலில் நின்றுவிட்டது, இயந்திரத்தைத் தட்டிக்கொண்டே அவர் கதைக்கத் தொடங்கினார். நடந்தது அறுபதுகளில். எந்த வருடம் என்று கேட்டதற்கு, “அந்தப் பெரிய மழை பெஞ்ச வருசம்” என்றார். பெரிய மழை பெய்யாத வருடம் ஒன்று அவருடைய கணக்கில் இல்லை.

* பட்டினத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் கடல் குறுக்கே கிடக்கிறது. பஸ்ஸில் வந்து துறையில் இறங்கி, பலகை பாவிய பெரிய மிதவையில் ஏறி அக்கரை போக வேண்டும். மனிதர், மாடு, லொறி எல்லாம் அதில்தான். அதற்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். கடைசிப் பாதை பொழுது சாயும் மஃரிபுத் தொழுகை நேரத்தோடு போய்விடும். தவறவிட்டவர் அன்றிரவு பட்டினத்தில் சொந்தக்காரர் எவருடைய கதவையாவது தட்ட வேண்டியதுதான்.

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

“துறைமுகத்தின் நீல நீர்ப்பரப்பிலே மாலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—”

விட்டுவிடுகிறேன். சரீப் சூரியனைப் பார்த்தது நேரம் அறிவதற்கு மட்டும்தான்.

“அன்று காலையிலிருந்தே சரீபின் இடது கண் துடித்துக்கொண்டிருந்தது. ஏதோ நடக்கப் போகிறது என்று அவருடைய உள்மனம்—”

இதை ஜெமீலிடம் வாசித்துக் காட்டினேன். “அவர்ர கண் துடிச்சத நான் எப்பிடித் தம்பி காண்ற? நான் பாதையில நிண்டனான்” என்றார். நியாயம்தான்.

ஆகவே அரையிறுதியிலிருந்து தொடங்குகிறேன். பட்டினத்து மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் கிண்ணியா இரண்டு கோல் பின்னால் நின்றது. பொழுது சாய்ந்தது. ஆதரவாளர்கள் கடலையும் வானத்தையும் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு லொறியில் ஏறிக் கடைசிப் பாதையைப் பிடிக்கப் போய்விட்டார்கள். அதன்பிறகு கிண்ணியா மூன்று கோல் அடித்தது.

வென்ற அணியைத் தோளில் தூக்க ஒருவரும் இல்லை. கப்டனைக் கோல் காப்பாளர் தூக்கினார். தூக்கியவருக்கு மூச்சு வாங்கியதால் உடனே இறக்கி வைத்தார். லொறியும் இல்லை. இறுதியாட்டத்துக்குத் தெரிவான வீரர்கள் அன்றிரவு பள்ளிவாசல் விறாந்தையில் படுத்தார்கள்.

சரீப் கொதித்தார். அரையிறுதிக்கு அவர் போகவே இல்லை. வீட்டில் நெல் வந்திறங்கிய நாள். ஆகவே கொதிப்பதற்கு அவருக்கு முழுச் சுதந்திரம் இருந்தது. கூட்டம் போட்டார். மேலே நான் சொன்ன சரித்திர உரை அங்கே நிகழ்ந்தது. உரையின் முடிவில் ஒரு சட்டமும் வந்தது. கடைசி விசிலுக்கு முன் மைதானத்தை விட்டு எழும்புகிறவர் சங்கத்தில் இருக்க முடியாது. பதவியில் இருப்பவரென்றால் பதவியும் போய்விடும்.

கைகள் உயர்ந்தன. தேத்தண்ணிக் கடையிலிருந்தவர்களின் கைகளும் உயர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

3

இந்த இடத்தில் எனக்குச் சரீபோடு ஒரு சிக்கல். அவரை வெறும் பந்தாக்காரராக எழுத நினைத்தேன். எழுதுவது சுகம், வாசிப்பவருக்கும் சிரிப்பு. ஆனால் ஆள் அதற்குள் அடங்க மறுக்கிறார். தலைவராகும்வரை அவர் மற்றவர்களுக்காக எழும்பி நின்ற மனிதர். விதானையார் வந்தால் எழும்புவார், வங்கிக்காரர் வந்தால் எழும்புவார், சிலவேளை தரகர் வந்தாலும் எழும்பிவிடுவார். தலைவரான பிறகுதான் அவருக்காக நாலு பேர் எழும்பினார்கள். அதை இழக்க அவர் விரும்பவில்லை. நீங்களும் நானும் விரும்பியிருக்க மாட்டோம்.

இன்னொன்றையும் அவர் இழக்க விரும்பவில்லை. மகள் ஜெஸீமாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் அப்துல் மஜீத், பட்டினத்தில் புடவைக்கடை வைத்திருப்பவர். சிரிப்பை அளந்து வெட்டிக் கொடுப்பவர். சனிக்கிழமை கடைசிப் பாதையில் வந்து, மஃரிபுக்குப் பிறகு இருந்து கதைத்து, இரவு தங்கிப் போவதாகச் சொல்லியிருந்தார். இறுதியாட்டம் அதற்கு முந்திய சனிக்கிழமை. அன்று மழை கொட்டியது. ஆட்டத்தை ஒரு கிழமை தள்ளி, மஜீத் வருகிற சனிக்கிழமைக்கே வைத்தார்கள்.

“இஞ்சேருங்க,” என்றா மனைவி றுக்கியா. “மாப்பிள்ள வீட்டாக்கள் வாற நாளையில பந்தடி பாக்கவா போறீங்க?”

“தலைவர் இல்லாம இறுதியாட்டம் நடக்குமா புள்ள?”

“ஏன் நடக்காது? பந்த நீங்களா அடிக்கிற?”

“மஃரிபுக்கு முதல் வீட்ட நிப்பன்.”

“ஆட்டம் முடியாட்டி?”

சரீப் சேட்டுப் பொத்தானைப் பூட்டினார். குசினிக்குள்ளிருந்து ஜெஸீமாவின் குரல் வந்தது.

“உம்மா, வாப்பாட சட்டப்படி முடியுமட்டும் எழும்பேலாது.”

“இந்தப் புள்ளைக்கு வாய் கூடிப் போச்சு,” என்றார் சரீப். “மாப்பிள்ள வீட்டாக்கள் வந்தா இப்பிடியெல்லாம் கதைக்கப்படாது.”

“அவக வாற நேரம் நீங்க இருந்தாத்தானே வாப்பா, நான் கதைச்சனா இல்லையா எண்டு தெரியும்.”

4

மைதானத்தில் பிரமுகர்களுக்குக் கொட்டகை போட்டிருந்தார்கள். கொட்டகைக்குள் கதிரைகள். கிண்ணியாச் சனம் எதிர்ப்பக்கத்து வெயிலில் நிலத்தில் இருந்தது. சரீபுக்கு முன்வரிசைக் கதிரை கிடைத்தது. பக்கத்தில் அருளம்பலம், பட்டினத்து அணியின் ஆதரவாளர், அரசாங்கக் கந்தோர் வேலையிலிருந்து இளைப்பாறியவர்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அதாவது, முடியவில்லை. மத்தியஸ்தர் மேலதிக நேரம் என்று கையைக் காட்டினார். சரீப் மேற்கைப் பார்த்தார்.

“என்ன தலைவர், கதிரையில முள்ளோ?” என்றார் அருளம்பலம்.

“இல்ல ஐயா. ஒண்டுக்குப் போயிட்டு வாறன்.”

“ஓம், ஓம். அதுக்குக் குடையும் கொண்டு போறியளோ?”

சரீப் குடையைப் பார்த்தார். திரும்ப வைத்தால் குடை போய்விடும், கொண்டுபோனால் மானம் போய்விடும். குடை புதிது. தான் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்பதற்கு அடையாளமாகக் கதிரையில் முகம் துடைக்கும் லேஞ்சியை விரித்துவிட்டு, கொட்டகையின் பின்பக்கத்தால் வெளியேறினார்.

(கைதேர்ந்த எழுத்தாளர் அந்த லேஞ்சியைக் கடைசியில் மஜீதின் கையில் கொடுத்துத் திரும்ப வரவழைப்பார். இங்கே வராது. காற்று கொண்டுபோய்விட்டது.)

5

அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கட்டும். நாம் பிரச்சினையைப் பார்ப்போம். ஆட்டம் பார்க்கப் போனவர் முடியும்வரை இருந்தே ஆக வேண்டுமா?

ஆம் என்போர் சொல்வது பந்தடிக்கிறவர்களுக்காக. அவர்கள் கால் நோக ஓடுகிறார்கள், நீ குந்தியிருப்பதற்குக்கூட அலுத்துக்கொள்கிறாயா என்கிறார்கள். நல்ல வாதம். இதைப் பெரும்பாலும் மைதானத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் சொல்கிறார்கள். இல்லை என்போர், நுழைவுச்சீட்டு வாங்கினேனே தவிர சத்தியம் பண்ணவில்லை என்கிறார்கள். இதுவும் நல்ல வாதம். ஆனால் இவர்கள் எழும்பிப் போகும்போது ஏன் குனிந்துகொண்டு போகிறார்கள் என்பதற்கு விளக்கம் இல்லை.

என் அபிப்பிராயம்—

(பிறகு பார்க்கலாம். பஸ் துறைக்கு வந்துவிட்டது.)

6

பாதை இக்கரையில் கட்டிக் கிடந்தது. சரீப் “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி ஏறி, பலகையில் குடையை ஊன்றி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான், பாதையில் தன்னைத் தவிர வேறு ஆள் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. ஓட்டுகிற ஆளும் இல்லை.

இறங்கி, துறையடித் தேத்தண்ணிக் கடைக்குப் போனார். முஹம்மது தம்பி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

“எங்க ஜெமீல்?”

“மெச்சுப் பாக்கப் போயிட்டான்.”

“கடைசிப் பாதைய ஆர் ஓட்டுற?”

“அவன் வந்துதான். முடியுமட்டும் எழும்பக்கூடாதாமே? சட்டமாம். இந்த முறை பாதையக் கட்டிப் போட்டுட்டுத்தான் எல்லாரும் போன.” கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியாதா தலைவர்? ஊருக்கே தெரியுமே.”

ஊருக்கே தெரியும். ஜெமீல் வெயிலில் நிலத்தில் சனத்தோடு இருந்து, “ஆறுதலாப் பாருங்கடாப்பா, நானும் இஞ்ச, பாதையும் இஞ்ச” என்று பலமுறை சொல்லியிருந்தார். அந்தச் செய்தி கொட்டகைக்குள், கதிரைகள் இருந்த பக்கம் மட்டும் வரவில்லை.

“அது கிடக்க,” என்றார் முஹம்மது தம்பி. “நீங்க என்ன வெள்ளணயே வந்திட்டீங்க?”

சரீப் ஒரு தேத்தண்ணி கேட்டார்.

திரும்பிப் போகப் பஸ் இல்லை. ஒளிந்து நிற்கத் துறையில் மரம் இல்லை. மஃரிபுக்குப் பாங்கு சொல்லிக் கேட்டது. அக்கரையில் விளக்குகள் தெரிந்தன. அதில் ஒன்று அவருடைய வீடு. அங்கே வட்டிலப்பம் அவித்து வைத்துக்கொண்டு றுக்கியா வாசலைப் பார்த்தபடி இருப்பா.

பிறகு லொறி வந்தது. வெகுதூரத்திலேயே சத்தம் கேட்டது. எந்த ஆட்டம் முடிந்து வந்தாலும் இருக்கிற பாட்டு, தகரம் அடி, கைதட்டல். சரீப் மனம் குளிர்ந்தார். வெற்றி! வென்றவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். எழும்பி நின்று சேட்டை இழுத்துவிட்டார்.

லொறியின் முன்சீற்றில், சாரதிக்குப் பக்கத்தில் அப்துல் மஜீத் இருந்தார். மடியில் பழக்கூடை.

“அஸ்ஸலாமு அலைக்கும்,” என்றார் மஜீத், இறங்கி. “மெச்சில உங்களத் தேடினன். எப்பிடியும் நீங்க இருக்கிற இடந்தானே எண்டு, வெள்ளணயே வந்து உங்கட ஆக்களோட இருந்து பாத்தன்.”

“தலைவர்!” என்று லொறியின் மேலிருந்து ஜெமீல் கத்தினார். “எங்களுக்கு முதல் வந்து நிக்கிறீங்க?”

பாட்டு நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. சரீப் அந்தக் கணத்தில் சொன்ன பதிலை நான் மாற்ற விரும்பவில்லை.

“அணியை வரவேற்க ஒரு ஆள் வேணுமே. போன முறை மாதிரி ஆகப்படாது எண்டுதான் முந்தி வந்தனான்.”

கப்டன் தன் காலைப் பார்த்தார். லொறி பாதையில் ஏறியது, சனம் ஏறியது, கயிறு அவிழ்ந்தது. கரையிலிருந்து கொஞ்சத் தூரம் விலகியதும் சரீப் தொண்டையைச் செருமினார்.

பாதையில் ஒரு வசதி உண்டு. வாசிகசாலையைப் போல நடுவில் எழும்பிப் போக முடியாது. இன்றைய மகத்தான வெற்றி என்று சரீப் தொடங்கினார். இந்த வெற்றி பதினொரு பேருடையது மட்டுமல்ல, கடைசிவரை நின்ற ஒவ்வொருவருடையதும் என்றார். சபை அப்படி அடங்கி இருந்ததை அவர் முன்பு கண்டதில்லை. மஜீத் பழக்கூடைக்குள் எதையோ தேடினார்.

“அவர் நல்லாப் பேசினார் தம்பி,” என்றார் ஜெமீல் என்னிடம். “நான்கூட கொஞ்சம் மெதுவாத்தான் ஓட்டினன்.”

7

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) மஜீத் காலையில் முதற் பாதையில் பழக்கூடையோடு திரும்பிப் போகிறார். ஓர் ஆட்டம் முடியும்வரை கதிரையில் இருக்க ஏலாத மனிதரை நம்பிப் பிள்ளையை எப்படிக் கட்டி வைப்பது என்கிறார். வட்டிலப்பத்தில் மட்டும் ஒரு துண்டு சாப்பிட்டிருந்தார்.

(ஆ) மகளுடைய காரியத்துக்காகத் தன் பதவியையே விட்டுவிட்டு ஓடிவந்த தகப்பன் என்று மஜீத் உருகி, அங்கேயே நாள் குறிக்கிறார். (மஜீத் உருகுவாரா என்பதில் எனக்குச் சந்தேகம். துணி அளக்கிறவர்.)

(இ) சங்கம் கூடுகிறது. சட்டத்தை வாசிக்கிறார்கள். சரீப் தானாக எழும்பி, “நான் போறன்” என்கிறார். “இருங்க தலைவர், கூட்டம் இன்னும் முடியல்ல” என்று ஜெமீல் கையைப் பிடித்து இருத்துகிறார். ஆனால் பதவியில் இருத்தினாரா, மர வாங்கில் இருத்தினாரா என்று நான்—

எதையும் தேர்ந்தெடுக்க எனக்கு மனமில்லை. ஜெமீலிடம் கேட்டேன். பாதை அக்கரை முட்டியதும் சனம் இறங்கிப் போய்விட்டது, அதற்குமேல் தனக்குத் தெரியாது, தன் வேலை கரையோடு சரி என்றார். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் வேண்டாமென்றால் இந்த வரியோடு எழும்பிப் போகலாம், உங்களைச் சங்கத்திலிருந்து யாரும் நீக்கப் போவதில்லை.

சரீப் பாதை கரை முட்டும்வரை பேசினார். வீரர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாராட்டி, கோல் காப்பாளருக்குத் தனியாக ஒரு கைதட்டலும் கேட்டு வாங்கினார்.

கிண்ணியா இரண்டுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் தோற்றிருந்தது.